கைக்கணினிக்கு நகை நட்டு

பெண் குழந்தை பிறந்த வீட்டில் நகை நட்டைப் பற்றி யோசிப்பது போல, இந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு டேப்லெட் வந்துவிட்டால் போதும், அதற்கு என்னென்ன வாங்கிப் பூட்டலாம் என்ற யோசனை உடனே ஆரம்பித்துவிடுகிறது. உறை, கண்ணாடி, தாங்கி, தட்டச்சுப் பலகை என்று பட்டியல் நீளுகிறது. முடிவில், நகையின் விலை பெண்ணின் விலையைத் தாண்டிவிடும் போல் ஆகிவிடுகிறது!

சென்ற வாரம் என் அத்தையுடன் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போயிருந்தேன். அத்தைக்குக் கீரமங்கலம் பக்கம். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பியிருந்தான். "வேண்டிய சாமானை நீயே பார்த்து வாங்கிக் கொடும்மா. நீ படிச்சவ" என்று சொல்லி, மாமா இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை என்னிடம் கொடுத்தார்.

கடைப் பையன் கெட்டிக்காரன். ஜிகினா உறை, வர்ண விளக்கு எரியும் ஒலிபெருக்கி, நீட்டிப் படம் பிடிக்கும் கோல் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பி, "அக்கா, இதெல்லாம்தான் இப்ப ஓடுது" என்றான். படித்தவளான நான் மயங்கித்தான் போனேன். அத்தை எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"தம்பி, கரண்டு போனா கைகொடுக்கிறது எது? அதை முதல்ல எடு."

எனக்குச் சுருக்கென்றது. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்தன. பல கிராமங்களில் நாள் கணக்கில் விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் அத்தையின் ஊரில் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டதாம். ஆனால் என்ன பிரயோஜனம்? அவருடைய போனில் உயிர் இல்லை. சிங்கப்பூரிலிருந்து மகனும், சென்னையிலிருந்து நானும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஐந்தாம் நாள், ஜெனரேட்டர் இருந்த ஒரு கடை வரைக்கும் நடந்து போய், வரிசையில் நின்று சார்ஜ் போட்டுக்கொண்டு, "நான் இருக்கேன்ப்பா" என்று அத்தை சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆகவே முதல் நகை, பவர் பேங்க். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 10,000 எம்.ஏ.எச். என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் பாட்டரியின் அளவு. வெளியே வரும்போது மின்னழுத்தம் மாறுவதாலும், சூடாக வீணாவதாலும், நம் கைக்கு வருவது ஏறக்குறைய 6,000 தான். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று இருக்கும், அதைப் பாருங்கள். 5,000 அளவுள்ள போனுக்கு ஒரு முறை தாராளமாகப் போதும். டேப்லெட்டுக்கு ஒரு முழு வயிறு நிரம்புவது சந்தேகம்.

பையன் வெயிலில் சார்ஜ் ஆகும் பவர் பேங்கையும் காட்டினான். கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளங்கை அகலத் தகட்டில் அது நிரம்பப் பல நாள் நல்ல வெயில் வேண்டும். புயல் நாளில் வெயிலுக்கு எங்கே போவது?

இரண்டாவது, சார்ஜர். மலிவு என்று நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி, இரவில் கருகிய நாற்றம் வந்து அலறி எழுந்த அனுபவம் எனக்கு உண்டு. நம் நாட்டில் விற்கும் சார்ஜரும் பவர் பேங்கும் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 'ஆர்' என்ற எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் அதன்மேல் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும். புதிய டேப்லெட்டுகளில் பெரும்பாலும் டைப்-சி முனைதான். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் விற்கும் புதிய போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அதையே கட்டாயமாக்கிவிட்டார்கள். வீட்டில் எல்லாருடைய போனுக்கும் அதே முனை என்றால், நல்ல சார்ஜராக ஒன்று போதும். மட்டமானதாக நான்கு வேண்டாம்.

மூன்றாவது, நிமிர்த்தி வைக்கக்கூடிய உறையும், திரைக்கு ஒரு கண்ணாடியும். அடுப்படி மேடையிலும் குழுக் கூட்டத்திலும் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டுமல்லவா?

நான்காவது, சின்னஞ்சிறு ஓ.டி.ஜி. இணைப்பான். கட்டைவிரல் அளவுதான், விலையும் அற்பம். பழைய கணினியோடு மூலையில் கிடக்கும் தட்டச்சுப் பலகையை அதன் வழியாக டேப்லெட்டில் மாட்டிவிடலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசை முறையைப் பழகிக்கொண்டால், தீர்மானப் புத்தகத்தைத் தமிழிலேயே மளமளவென்று அடிக்கலாம். புதிய தட்டச்சுப் பலகை வாங்கும் செலவு அங்கே மிச்சம்.

"இவ்வளவும் எப்படி அத்தை கணக்காகச் சொல்கிறீர்கள்?" என்றேன்.

"சைக்கிள் வாங்கின காலத்துப் பாடம்தான்" என்றார்.

1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியது ஊரறிந்த சரித்திரம். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு சிலர் அதுவே வேண்டும் என்றார்கள். ஏன் தெரியுமா? முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பெண்களுக்கு எது சௌகரியம் என்று சைக்கிள் செய்தவர் நினைத்தது வேறு. பிள்ளையைச் சுமக்கும் தாய் கண்டுபிடித்தது வேறு.

கைக்கணினி விஷயமும் அப்படித்தான். கடைக்காரர் எதை வாங்கச் சொல்கிறார் என்று கேட்பதற்கு முன், நமக்கு எந்த இடத்தில், எந்த நாளில் இது கைவிட்டுவிடும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடத்துக்குத் தாங்கலாக இருக்கும் சாமான்தான் நகை, மற்றதெல்லாம் கில்ட்டு.

மாமா கொடுத்த பணத்தில் மீதியும் இருந்தது. பையனுக்கு மனம் கேட்கவில்லை. "உறை மட்டும் பூப்போட்டதா எடுத்துக்கங்கம்மா, ரொம்ப அழகா இருக்கும்" என்றான்.

அத்தை சிரித்தார். "கீரமங்கலத்துக்காரிக்குப் பூவுக்கா பஞ்சம்? அந்தக் கறுப்பையே கொடு தம்பி, அழுக்குத் தாங்கும்!"