மார்க் உண்டு, மரியாதை உண்டா?

அமெரிக்காவில் கான்சாஸ் என்று ஒரு மாநிலம். கோதுமை விளையும் பூமி. அங்கே நோலா ஓக்ஸ் என்ற பாட்டி ஒருவர் இருந்தார். விவசாயக் குடும்பம். 2007-ம் ஆண்டு மே மாதம், ஃபோர்ட் ஹேஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 95!

அதே விழாவில் அவருடைய பேத்தியும் பட்டம் வாங்கினார். பேத்திக்கு வயது 21.

பத்திரிகைகள் படம் போட்டன. உலகிலேயே அதிக வயதில் பட்டம் பெற்றவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பாட்டியின் பெயர் ஏறியது. 2016-ல் ஜப்பானியர் ஒருவர் 96 வயதில் பட்டம் வாங்கி அதை முறியடித்தது பிறகு நடந்த கதை. பாட்டி ஒரு பட்டத்தோடு நிற்கவில்லை. 98 வயதில் மேல்பட்டமும் வாங்கினார். 105 வயது வரை வாழ்ந்தார்.

95 வயது என்றால் ஊரே கைதட்டும். 38 வயதுக்காரருக்கு யார் கைதட்டுகிறார்கள்? பகலில் ஆஸ்பத்திரி வேலை, மாலையில் பிள்ளைகளுக்குச் சமையல், இரவில் பாடப் புத்தகம் என்று எட்டு வருடம் கஷ்டப்பட்டுப் பட்டம் வாங்கும் தாய்க்கு?

அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படிப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் படிக்கிறார்கள். நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் பலருடைய பெயர் பரிசுப் பட்டியலில் ஏறுவதே இல்லை. மார்க் குறைந்ததால் அல்ல. விதி அப்படி!

சும்மா அல்ல!

அந்த நாட்டுக் கல்லூரிகளில் பருவந்தோறும் ஒரு பட்டியல் வெளியாகும். 'டீன் பட்டியல்' என்று பெயர். டீன் என்பவர் கல்லூரியை நிர்வகிக்கும் பெரிய பேராசிரியர். நல்ல மார்க் வாங்கியவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கும்.

பட்டம் கொடுக்கும்போது இன்னொரு மரியாதை உண்டு. நம் ஊரில் 'முதல் வகுப்பு' என்று போடுவது போல, அங்கே லத்தீன் மொழியில் மூன்று தரம் போடுவார்கள். 'கும் லாடே' என்றால் புகழோடு தேறியவர். 'மாக்னா கும் லாடே' என்றால் பெரும் புகழோடு தேறியவர். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 'சும்மா கும் லாடே'. பெயரில்தான் சும்மா! லத்தீனில் அதற்கு 'மிக உயர்ந்த' என்று பொருள்.

இது வெறும் அலங்காரம் அல்ல. வேலைக்கு மனுப் போடும்போது இதைக் காட்டலாம். மேல்படிப்புக்கு இடம் கேட்கும்போது உதவும். உபகாரச் சம்பளம் கொடுப்பவர்களும் இதைப் பார்க்கிறார்கள்.

இதில் சேர என்ன வேண்டும்? மார்க் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். ஒரு பாடம் படித்தால் சாதாரணமாக 3 'கிரெடிட்' கணக்கு. ஒரே பருவத்தில் 12 கிரெடிட், அதாவது 4 பாடம் படித்தவர்தான் டீன் பட்டியலில் சேரலாம் என்று பல கல்லூரிகளில் விதி இருக்கிறது. பகல் நேர மாணவருக்கு 4 பாடம் ஒரு பொருட்டே அல்ல. வேலைக்குப் போகிறவருக்கு 2 பாடமே அதிகம். அந்த இரண்டிலும் முழு மார்க் வாங்கினாலும் அவருக்கு இடம் இல்லை!

"இரண்டு பாடம் படிப்பவருக்குச் சுமை குறைவு. நாலு பாடம் படிப்பவரோடு அவரை எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சுமையை எடை போடுவதென்றால், தினம் 8 மணி நேர வேலையையும் தராசில் வைக்க வேண்டாமா?

துரத்தி வரும் பழைய மார்க்

இதைவிடக் கொடுமையான கணக்கு ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அங்கே மிக உயர்ந்த மார்க்குக்கு 4 புள்ளி. பட்டம் வாங்க 120 கிரெடிட் படிக்க வேண்டும். 18 வயதில் ஒருவர் கல்லூரியில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டுப் புத்தி. முதல் 30 கிரெடிட்டில் சராசரி ஒன்றரைப் புள்ளிதான் வாங்குகிறார். படிப்பை விட்டுவிடுகிறார். கல்யாணம், குழந்தை, வேலை என்று காலம் ஓடுகிறது. 40 வயதில் அதே கல்லூரிக்குத் திரும்பி வருகிறார். பாக்கி 90 கிரெடிட்டையும் படிக்கிறார். அத்தனையிலும் 4 புள்ளி! ஒரு பாடத்திலும் சறுக்கவில்லை.

மொத்தச் சராசரி என்ன? 3.375. 'கும் லாடே' போட 3.5 வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. ஆகவே அவருக்கு எதுவும் கிடையாது. 40 வயது மனிதர் முழு மார்க் வாங்குகிறார். 18 வயதுப் பையன் அதைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளுகிறான்!

வேறு கல்லூரியில் பாதி படித்துவிட்டு வந்தவர்களுக்கும் தொல்லைதான். பட்டம் கொடுக்கும் கல்லூரி, பல இடங்களில் தன்னிடம் படித்த பாடங்களை மட்டுமே பார்க்கும். அவை குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் பரிசு இல்லை.

யுத்தம் முடிந்து வந்தவர்கள்

வயது வந்தவர்கள் படிப்பில் மட்டமாக இருப்பார்கள் என்ற பயம் ஒரு காலத்தில் பெரிய மனிதர்களுக்கே இருந்தது. 1944-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது உலக யுத்தத்தில் சண்டை போட்ட சிப்பாய்கள் சர்க்கார் செலவில் படிக்கலாம் என்றது அந்தச் சட்டம். கல்லூரிகளின் தரமே கெட்டுவிடும் என்று சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் எச்சரித்தார்.

சுமார் 22 லட்சம் சிப்பாய்கள் கல்லூரிக்கு வந்தார்கள். 1947-ல் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவர்கள்தான். நடந்தது என்ன? அவர்கள் வாங்கிய மார்க்கைப் பார்த்து இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். "சராசரியை ஏற்றிவிட்டு எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள்" என்பதே புகார்!

அந்தச் சமயத்தில், 1945-46-ல், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாலை நேர மாணவர்களுக்கென்று ஒரு கௌரவச் சங்கம் தோன்றியது. ஆல்ஃபா சிக்மா லாம்டா என்று கிரேக்க எழுத்துக்களில் பெயர். 24 கிரெடிட் முடித்து, மார்க்கில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வந்தால் இதில் சேரலாம். ஒரே பருவத்தில் முடிக்க வேண்டும் என்ற கெடுபிடி இல்லை. இன்று நாடு முழுவதும் கல்லூரிகளில் இதற்குக் கிளைகள் இருக்கின்றன.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஒரு குறை. தனிச் சங்கம் தனிப் பந்தி மாதிரி. சாப்பாடு ஒன்றே என்றாலும் உட்காரும் இடம் வேறு. கொலம்பியா பல்கலைக்கழகம் 1947-ல் வேறு வழி பிடித்தது. படிப்பை இடையில் விட்டவர்களுக்காக ஒரு கல்லூரி வைத்தது. இன்று இளைஞர்கள் படிக்கும் அதே வகுப்பில் அவர்களும் உட்காருகிறார்கள். மாசசூசெட்சில் உள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியும் 1975-ல், வயது கடந்த பெண்களுக்கு இதே போல் வாசலைத் திறந்தது.

விதியைத் திருத்திய கல்லூரிகளும் உண்டு. இரண்டு பருவப் பாடங்களைச் சேர்த்து எண்ணி, டீன் பட்டியலில் பெயர் போடுகிறார்கள். சில இடங்களில் பழைய மோசமான மார்க்கைக் கணக்கிலிருந்து ஒதுக்கி வைக்கவும் வழி உண்டு. ஆனால் கல்லூரி தானாக அதைச் செய்யாது. மாணவர்தான் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் பட்டம் வாங்குவதற்கு முன்னால். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு 7 மணிக்கு வகுப்புக்கு ஓடி வருகிறவர், மனு வாங்கும் ஆபீஸ் திறந்திருக்கும்போது கல்லூரிக்கு வந்ததே இருக்காது.