உழுதவருக்கு எட்டாத பட்டா

செம்பரம்பாக்கம் ஏரி பாய்ந்த வயல்களில் நாற்று நட்டவர்களும் களத்தில் நெல் அடித்தவர்களும் பெரும்பாலும் படியாட்களே. 1843-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. காணி நிலம் மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை. தரிசுக்கு மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முதல் உரிமை. குடியிருந்த மனைகூட அவர்களுடையதன்று. செங்கற்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் இதை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892 முதல் ஆதிதிராவிடருக்கு வழங்கப்பட்டதே பஞ்சமி நிலம்.

இந்நிலத்தை மற்றவர் வாங்கினால் கிரயம் செல்லாது. ஆயினும் கடனுக்கும் கல்யாணச் செலவுக்கும் கைமாறியது ஏராளம். மாமல்லபுரம் அருகே காரணை நிலத்தை மீட்க 1994-ல் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

பட்டா இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. அவரிடம் போய் உயர் விளைச்சல் ரகத்தையும் அடியுரத்தையும் விளக்கி என்ன பயன்? நிலத்தை மீட்டுக் கொடுப்பதும் வேளாண் வளர்ச்சிப் பணியே; அதை அரசு தள்ளிப் போடுவது சரியன்று.

ஏரியைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகும் இந்நாளில் தாத்தா, பாட்டன் பெயரில் நிலம் இருந்த குடும்பத்தினர் தாலுகா அலுவலகத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைப் பார்த்தல் அவசியம். ‘டி.சி.’ என்ற குறிப்பு கணினிப் பட்டாவில் விடுபட்டிருக்கலாம். பழைய ஏட்டில் இருந்தால் நகல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.