கைதட்டினால் மட்டும் போதுமா?

ஒரு நடிகரைப் பிடித்துவிட்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கிறோம், இன்ஸ்டாகிராமில் பின்தொடர்கிறோம். சினிமா நடிகருக்கு அது போதும். மேடை நடிகருக்குப் போதாது. திரை விழுந்ததும் அவர் செய்தது முடிந்துவிடும். யாராவது எழுதி வைத்தால்தான் பிறகு வருபவர்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் பிளேஸ்டோவுக்குக் கிட்ட, ஸ்ட்ராட்ஃபோர்டில் தியேட்டர் ராயல் இருக்கிறது. ஐரிஷ் எழுத்தாளர் பிரெண்டன் பீஹனின் 'தி ஹாஸ்டேஜ்' 1958இல் அங்கே மேடையேறியது. அதில் பணயக்கைதியாகப் பிடிபடும் இளம் சிப்பாயாக நடித்தவர் மரி மெல்வின். பிறகு சினிமாவுக்குப் போய், 1962இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. வயதான காலத்தில் அதே தியேட்டரின் பழைய படங்களையும் காகிதங்களையும் சேர்த்துப் பாதுகாத்தார். அந்தக் கட்டடத்தின் வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதினார். 2023இல் அவர் இறந்தார், புத்தகம் இருக்கிறது.

தமிழில் இதை அவருக்கு வெகுமுன்பே செய்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891இல் சென்னையில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டார். 'மனோகரா'வை எழுதி, மனோகரனாகத் தானே நடித்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த மேடை எப்படி இருந்தது, கூட நடித்தவர்கள் யார், ஒத்திகைக்கு எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதையெல்லாம் 'நாடக மேடை நினைவுகள்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்.

"இப்போதுதான் வீடியோ இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். வீடியோ, அன்றைக்கு என்ன நடந்தது என்று காட்டும். அந்த இடத்தில் நடிகர் ஏன் குரலைத் தாழ்த்தினார், எந்த வசனம் கடைசி ஒத்திகைவரை வாயில் வரவில்லை என்று சொல்லாது. போன் மாறும்போது அந்த வீடியோவும் தொலைந்துவிடும்.

லண்டனில் எங்களுக்கும் மேடை இருக்கிறது. க. பாலேந்திராவும் நண்பர்களும் 1978இல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், பிறகு இங்கே வந்து நாடகம் போட்டது. நடிகை ஆனந்தராணி பாலேந்திராவை எங்கள் பெற்றோருக்குத் தெரியும். உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே மேடையேறிய தமிழ் நாடகம் ஒன்றின் பிரதியாவது உங்கள் வீட்டில் இருக்கிறதா?

ஊரில் நடிக்கத் தொடங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டு எழுத வேண்டியது, ஆங்கிலமும் தமிழும் தெரிந்த எங்கள் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். பெரியவர்களே செய்யட்டும் என்று விட்டால், எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும்.

அடுத்த முறை அம்மா தமிழ் நாடகத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். நோட்டீஸை எறியாதீர்கள், பின்பக்கத்தில் திகதி எழுதி வையுங்கள். நாடகம் முடிந்ததும் நடித்தவர் ஒருவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வீட்டுக்கு வந்து பத்து வரி எழுதுங்கள். எழுத்துப்பிழை வந்தால் வரட்டும், பிறகு திருத்தலாம்.