கழிவுப் பாகு

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின், இனிக் கட்டியாகாது என்று மிஞ்சும் கறுத்த பாகுக்கு மொலாஸஸ் என்று பெயர். கல்வராயன் மலையடியில் கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு ஆலையிலும் அது மிஞ்சுகிறது. கடல் கடந்த பார்படோஸ் தீவிலும் மிஞ்சிற்று. அத்தீவின் தோட்ட முதலாளிகள் அதைப் புளிக்க வைத்து, வடித்து, ரம் என்று உலகெங்கும் விற்றார்கள். அங்குள்ள மவுண்ட் கே ஆலை 1703-ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்றிலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. கரும்பு வெட்டிய அடிமைகளின் பெயர்களைப் புட்டியில் எழுதுவதில்லை.

நம் பக்கத்தில், பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் நெல்லிக்குப்பத்தில், பாரி கம்பெனியார் 1842-ல் சர்க்கரை ஆலை வைத்தார்கள். 1897-ல் அமைந்த கம்பெனிக்கு இட்ட பெயர் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்டு ஷுகர் பாக்டரீஸ்'. சாராயம் முதலில், சர்க்கரை பிறகு! வியாபாரிகள் பெயர் வைப்பதில் பொய் சொல்வதில்லை போலும். 1886-ஆம் வருஷத்து ஆப்காரிச் சட்டப்படி, லைசென்ஸோடு ஆலையில் வடித்தால் அது சர்க்காருக்கு வருமானம். மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்தால் குற்றம்.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. கல்வராயன் மலையின் மேற்குப் புறம் சேலம் ஜில்லா, கிழக்குப் புறம் தென்னார்க்காடு. ஒரே மலையில் ஒரு சரிவில் விலக்கு, மறு சரிவில் கடை! காட்டுக்கு வேலி ஏது? இழந்த வரும்படிக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுதும் விலக்கு. 1971-ல் அது தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடையும் சர்க்காருடையதே. விற்பனை வரி மட்டும் போகவில்லை. இத்தனைக்கும் சட்டத்தின் பெயர் இன்றும் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டந்தான்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பலர் தினக்கூலிகள். உடனே போலீஸார் மலையேறி ஊறல் பீப்பாய்களை உடைத்தார்கள். ஆனால் கொன்றது ஊறல் அன்று. வெல்லம் புளித்தால் உண்டாவது எத்தில் ஆல்கஹால், அதுவும் கெடுதிதான். கருணாபுரத்தில் கலந்திருந்ததோ மெத்தில் ஆல்கஹால்: பிசினும் வர்ணமும் செய்யும் ஆலைகளுக்குரிய சரக்கு. உடம்பினுள் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும். அதற்கு வெல்லமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். தண்ணீர் கலந்தால் போதும். மலையிலிருந்து இறங்கி வந்த பண்டமல்ல அது. தொழிற்சாலைக் கிடங்குகளிலிருந்து சாலை வழியே வந்தது. கிடங்குக் கணக்கைச் சோதிப்பதை விடப் பீப்பாயை உடைப்பது சுலபம், படத்துக்கும் நன்றாயிருக்கும்.

கல்வராயன் மலைவாசிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை ஹைகோர்ட் தானாகவே விசாரிக்கத் தொடங்கியதும் அதே 2024-ல்தான். ஆப்காரிச் சட்டம் பிறந்து 138 வருஷங்களுக்குப் பிறகு.