இறுதி நாளுக்குத் தேதி குறிப்போர்

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்த நம் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் திணிக்கப்பட்டது. நான்கே பக்கங்கள். முகப்பில் எரியும் நகரம் ஒன்றின் படம். உள்ளே தானியேல் ஆகமத்திலிருந்தும் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்தும் பொறுக்கி எடுத்த எண்கள். அவற்றைக் கூட்டியும் கழித்தும் போட்ட கணக்கு. கணக்கின் முடிவில் உலகத்துக்கு ஒரு கெடு. அடையாளங்கள் என்ற தலைப்பின்கீழ்ப் பாலஸ்தீனத்துப் போரும், பருவமழை பொய்த்ததும், நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் எழும் தீயும் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன.

நாட்டுக்கே நாட்காட்டி அச்சிட்டுத் தரும் பட்டணம் சிவகாசி. வரப்போகும் ஆண்டின் மாதத் தாள்கள் அச்சேறிக் கொண்டிருக்கும் ஊரிலேயே, அவ்வாண்டு வரப்போவதில்லை என்னும் தாளும் அச்சாகிறது! சிரித்துவிட்டு மடித்து எறிந்திருப்போம். ஆனால், நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவன் அன்று மாலையே அதே தாளோடு நம் வீட்டுக்கு வந்து நின்றான். அவனுடைய அத்தா மருந்துக் கலவை அறையில் வேலை செய்தவர். தீயில் கையை இழந்தவர். பையனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. "உலகமே முடியப் போகிறதென்றால் மூன்று வருஷம் படித்து என்ன ஆகப் போகிறது மாமா? அத்தாவுக்கு நடந்ததும் அடையாளம்தானா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே விரித்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஈசா நபி (அலை) அவர்களை இகழ்பவன் முஸ்லிமாக இருக்க முடியாது. அவர்கள் மீண்டும் வருவார்கள் என்பது நம் நம்பிக்கையும் ஆகும். கிறிஸ்தவ அண்டை வீட்டாரோடு தலைமுறை தலைமுறையாக நல்லது கெட்டதில் கலந்து வாழ்கிறோம். அவர்களுடைய எதிர்பார்ப்போடு நமக்கு வழக்கில்லை. அந்த எதிர்பார்ப்பைக் கணக்கு வாய்பாடாக்கிப் பாமரர் நெஞ்சில் அச்சத்தை விதைப்போரோடுதான் நம் வழக்கு.

கிறிஸ்தவ மத நூலோர் அனைவரும் ஒரே குரலில் இக்கணக்கை ஒப்புகிறார்கள் என்று எண்ண வேண்டாம். வெளிப்படுத்தின விசேஷத்தை அவர்களே நான்கு வகையாகப் படித்திருக்கிறார்கள். அதிற் கூறப்பட்டவை ரோமப் பேரரசின் கொடுமைக் காலத்திலேயே பெரும்பாலும் நடந்து முடிந்தன என்பார் ஒரு சாரார். அன்று தொட்டு இன்று வரையிலான சரித்திரம் அதில் படிப்படியாக விரிகிறது என்பார் இன்னொரு சாரார். எல்லாம் இனி நடக்க வேண்டியவை என்பது மூன்றாம் கட்சி. நன்மைக்கும் தீமைக்கும் இடையே என்றும் நடக்கும் போராட்டத்தின் உருவகம் என்பது நான்காம் கட்சி. அந்நூலின் 20-ஆம் அதிகாரத்தில் வரும் ஆயிர வருட அரசாட்சியை எண்ணிக்கையாகக் கொள்ளாமல், திருச்சபையின் காலத்தைக் குறிக்கும் உருவகமாகக் கொண்டார் 5-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அகஸ்டின். இத்தனை வேறுபாடுகளையும் மறைத்துவிட்டு, வேதமே இந்த ஆண்டைக் கூறிவிட்டது என்று அச்சிடுவது நேர்மையாகுமா?

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும் பார்ப்போம். வேதத்தில் நாள் என்று வந்தால் அதை ஆண்டு என்று கொள்வது முதல் விதி. அமெரிக்காவில் ஜோசையா லிட்ச் என்ற போதகர், வெளிப்படுத்தின விசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளும் குதிரைப் படையும் முஸ்லிம்களே என்று கொண்டார். வெட்டுக்கிளியின் ஐந்து மாதம் 150 ஆண்டாயிற்று. ஒரு மணி, ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்பது 391 ஆண்டும் 15 நாளும் ஆயிற்று. 1299-இல் தொடங்கி எண்ணி, 1840 ஆகஸ்ட் 11 அன்று உதுமானியப் பேரரசின் வல்லமை முடியும் என்று நாள் குறித்தார். அந்நாளும் வந்தது, போயிற்று. சுல்தான் பதவி நீக்கப்பட்டதோ 1922 நவம்பரில்! ஆயினும், ஐரோப்பிய வல்லரசுகளின் உதவியைத் துருக்கி அந்நாளில் ஏற்றதே வீழ்ச்சி என்று பொருள் கூறி, கணக்குப் பலித்ததாகவே பறை சாற்றினர். எது நடந்தாலும் பலித்ததாகக் கூறக்கூடிய வாக்கு, எதையும் கூறாத வாக்கேயாகும்.

அதே காலத்தில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேலின் 2300 நாட்களை ஆண்டுகளாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணினார். அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 என்று முடிவு கட்டினர். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டோரும் அவர்களுள் உண்டு. விடிந்தபோது உலகம் அப்படியே இருந்தது. அறுக்காத பயிரும் வயலில் அப்படியே நின்றது. நம் காலத்தில், 2011 மே 21 என்று அமெரிக்க வானொலியில் நாள் குறித்த ஹெரால்ட் கேம்பிங், அது பொய்த்தபின் அக்டோபருக்குத் தள்ளினார். அதுவும் பொய்த்தபின் 2012-இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டது நன்று. விளம்பரத்துக்காகச் சேமிப்பைக் கரைத்த எளியோருக்கு அது திரும்பி வந்ததா?

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, வத்திராயிருப்புப் பக்கம் 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கியவர் அருளப்பன். அங்கே 1860-இல் பெரும் எழுப்புதல் ஒன்று எழுந்தது. தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை என்று மக்கள் கண்ணீர் வடித்தனர். அந்த அலை மலையைத் தாண்டித் திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திற் பிறந்து 1861-இல் கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு என்ற புலவர், ஐந்தரை ஆண்டில் கிறிஸ்து வருவார் என்று கெடு வைத்தார். அவர் கூட்டத்தாருக்கு அஞ்சரைக்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. 1881 அக்டோபரில் கெடு முடிந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. அவர் பாடிய மலையாளக் கீர்த்தனங்களோ இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கின்றன. இறைவனை நாடி உருகிய நெஞ்சுக்கு ஆயுள் உண்டு; இறைவனுக்குக் கெடு வைத்த கணக்குக்கு ஆயுள் இல்லை. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

கோகு, மாகோகு என்ற பெயர்களுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டில் ஆம்புரோசு என்ற பேராயருக்கு அது காத்தியர் கூட்டம். 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதருக்கு அது துருக்கியர். 20-ஆம் நூற்றாண்டின் பிரசங்கிகளுக்கு அது சோவியத் ருஷ்யா. எந்தக் காலத்தில் எவர் பகைவரோ, அவர் பெயரைத் தீர்க்கதரிசனத்தின் வெற்றிடத்தில் நிரப்பிக் கொள்கிறார்கள். இவர்கள் படிப்பது வேதத்தையா, தம் அச்சத்தையா?

அச்சம் ஏட்டளவில் நிற்பதில்லை. 1830-களில் ஜான் நெல்சன் டார்பி வகுத்துக் கொடுத்து, 1909-இல் ஸ்கோஃபீல்டு வெளியிட்ட குறிப்புரை வேதாகமத்தால் ஊரெங்கும் பரவிய கொள்கை ஒன்று உண்டு. சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும். பின் உபத்திரவ காலம் வரும். இஸ்ரவேலர் தம் நாட்டிற் கூடி, எருசலேமில் ஆலயம் மீண்டும் எழ வேண்டும் என்பது அது. ஆலயம் எழ வேண்டிய இடமாக இவர்கள் காட்டுவதோ நம் முதற் கிப்லாவின் வளாகம்! 1969 ஆகஸ்ட் 21 அன்று, டெனிஸ் மைக்கேல் ரோஹன் என்ற ஆஸ்திரேலியக் கிறிஸ்தவர், கிறிஸ்துவின் வருகைக்கு வழி செய்வதாக எண்ணி மஸ்ஜிதுல் அக்ஸாவுக்குத் தீ வைத்தார். ஸலாஹுத்தீன் அய்யூபி கொண்டுவந்து நிறுவிய மிம்பர் சாம்பலாயிற்று. அவர் மனநிலை திரிந்தவர் என்றது நீதிமன்றம். அதை மறைக்க மாட்டோம். ஆனால், அந்தத் திரிந்த மனத்துக்கு நெருப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தது எந்தக் கணக்கு?

பாலஸ்தீனத்தில் ஒரு வீடு இடிந்தால், அது ஒரு தாயின் வீடு. அதைக் கடிகார முள் ஒன்று நகர்ந்ததாகக் கண்டு களிப்பவனுக்கு இரக்கம் எங்கிருந்து வரும்? இதை நாம் மட்டும் கேட்கவில்லை. ஈசா நபி பிறந்த மண்ணின் கிறிஸ்தவர்களே கேட்கிறார்கள். 2006-இல் எருசலேமின் லத்தீன் மறைமுதல்வர் மிஷேல் சப்பாவும் பிற சபைத் தலைவர்களும் இக்கொள்கையைப் பொய்ப் போதனை என்று அறிக்கை விடுத்துத் தள்ளினர். 2009-இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணமும் வேதத்தைக் காட்டி ஆக்கிரமிப்பை நியாயப்படுத்துவதை மறுத்தது.

தேதி குறிப்போரை அவர்கள் நூலே கைவிடுகிறது. அந்த நாளையும் நாழிகையையும் வானவரும் அறியார், குமாரனும் அறியார், பிதா ஒருவரே அறிவார் என்னும் கருத்து மாற்கு 13:32-இல் இருக்கிறது. "நாளும் நாழிகையும்தானே தெரியாது? ஆண்டு தெரியலாமே!" என்பர் சிலர். காலங்களையும் வேளைகளையும் அறிவதே சீடருக்குரியதன்று என்னும் கருத்து அப்போஸ்தலர் நடபடிகள் 1:7-இல் இருக்கிறதே, அதை என்ன செய்வர்? விழித்திருப்பதற்காகத் தரப்பட்ட அடையாளங்களைக் கொண்டு நாள் குறிப்பது, வீட்டுக்காவலுக்கு வைத்த விளக்கை எடுத்துப் புதையல் தேடப் போவதை ஒக்கும்.

இவ்வளவும் கூறிவிட்டு நம் வீட்டுக் குப்பையைப் பாயின்கீழ்த் தள்ளினால் நாம் நேர்மையற்றவர்களாவோம். ஹிஜ்ரி ஆயிரத்தோடு உம்மத் முடியும் என்று மக்கள் அஞ்சிய காலத்தில், இமாம் சுயூத்தி அதை மறுத்து நூல் எழுதினார். ஆனால் 1500-ஐத் தாண்டாது என்று அவரும் ஓர் எல்லை வைத்தார். இன்றைக்கு அந்த எல்லையைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவோர் நம்மவரிடையே இல்லையா? ஹிஜ்ரி 1400-இன் முதல் நாளில், 1979 நவம்பர் 20 அன்று, ஜுஹைமான் அல் உதைபியும் கூட்டத்தாரும் மஹ்தி தோன்றிவிட்டார் என்று கூறிப் புனித ஹரமையே ஆயுதத்தோடு கைப்பற்றினர். இரண்டு வாரம் இறையில்லத்தில் இரத்தம் ஓடியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அவர்கள் மஹ்தி என்று காட்டியவரும் அங்கேயே செத்து விழுந்தார். அக்ஸாவில் தீ வைத்தது அவர்கள் கணக்கு. கஅபாவின் முற்றத்தில் சுட்டது நம்மவர் கணக்கு. தஜ்ஜாலின் முகத்தை ஒவ்வொரு தலைவன் மீதும் ஒட்டிக் கைப்பேசியில் பரப்பும் நம் பிள்ளைகளையும், அதை மேடையேற்றும் பேச்சாளர்களையும் கண்டிக்காமல், அடுத்த வீட்டுத் துண்டுப் பிரசுரத்தைக் கிழிக்க நமக்கு உரிமையில்லை.

மறுமையின் வேளையை அறிபவன் இறைவன் ஒருவனே என்று திருக்குர்ஆன் 7:187, 31:34 ஆகிய இடங்களில் ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்கிறது. அவ்வேளை எப்போது என்று கேட்ட ஜிப்ரீல் (அலை) அவர்களிடம், கேட்பவரைவிடக் கேட்கப்பட்டவர் அதிகம் அறிந்தவரல்லர் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). அதையே கேட்ட ஒரு தோழரிடம், அதற்காக நீர் என்ன ஆயத்தம் செய்தீர் என்று திருப்பிக் கேட்டார்கள். எம்பெருமானார் அறியாததை எந்தப் பேச்சாளர் அறிவார்?

இனி, அந்தப் பிள்ளையின் இரண்டாவது கேள்வி. நபிகள் நாயகத்தின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகவே ஞாயிறு இருண்டது என்று மக்கள் பேசினர். மகனை இழந்து கலங்கியிருந்த வேளையிலும் அப்பேச்சை அவர்கள் வளர விடவில்லை. எவருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். தம் சொந்தத் துயரத்தையே அடையாளமாக்க மறுத்த நபியின் உம்மத், ஓர் ஏழைத் தொழிலாளியின் துயரத்தை அடையாளமாக்கலாமா?

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் எழுந்த தீயில் சுமார் 40 உயிர்கள் போயின. பட்டாசுத் தீ வானத்திலிருந்து விழுவதன்று. மருந்துக் கலவையில் உராய்வு நேர்ந்தால் தீ எழும். அறைக்கு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அமர்த்தினால், ஒரு பொறி பல உயிரைக் கொள்ளும். அளவுக்கு மீறி மருந்தைத் தேக்கினால், விதிக்கு மாறாக உள்குத்தகைக்கு விட்டால், கொடுமை பெருகும். இவற்றுக்குப் பொறுப்பாளிகள் உண்டு; சட்டம் உண்டு; நஷ்டஈடு உண்டு. இதை இறுதிக் காலத்தின் அடையாளம் என்றுரைக்கும் நாவு, குற்றவாளியை விடுவித்து இறைவன்மீது பழியைப் போடுகிறது. அத்தாளில் நம்மைச் சுட்டது அதன் கணக்குப் பிழையன்று; இந்த அநீதியே.

பையனிடம் நாம் கடைசியாகக் கூறியது இதுதான். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்துவிட்டாலும், முடியுமானால் அதை நட்டுவிடச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்). உன் கையில் இருக்கும் கன்று உன் படிப்பு. வேதிப்பொருளைப் பற்றிக் கற்றுக்கொள். உன் அத்தாவைப் போல் இன்னொருவர் கையிழக்காத வழியைக் கண்டுபிடி. அவ்வேளை நாளை வந்தாலும், நூறாண்டு கழித்து வந்தாலும், நீ என்ன ஆயத்தம் செய்தாய் என்ற கேள்விக்கு அதுவே உன் விடையாகட்டும்.

துண்டுப் பிரசுரத்தை அவன் நம் மேசைமீதே வைத்துவிட்டுப் போனான். மறுவாரம் பாலிடெக்னிக்கில் பணம் கட்டிய ரசீதைக் காட்ட வந்தான். உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய தாளோடு வந்து நின்றால், வாசக நேயர்களே, சிரித்து அனுப்பிவிடாதீர்கள். அருகில் அமர்த்திப் பதில் கூறுங்கள்.