பட்டறைக்கு வேண்டும் பழுதிலாச் சொற்கள்

பொறியியல் வரைபடம் என்பது, பொறியாளன் கருத்தில் கண்ட உறுப்பைப் பட்டறையாளன் கையால் செய்து முடிக்க உதவும் ஒரு மொழியாகும். அம்மொழிக்குக் கோடுகளே எழுத்துகள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பிற்குத் தடித்த தொடர்கோடும், மறைந்துள்ள விளிம்பிற்கு விட்டுவிட்டுச் செல்லும் கோடும், நடுவச்சிற்கு நீண்டும் குறுகியும் மாறிவரும் மெல்லிய கோடும் வரையப்பெறுகின்றன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வரைதல் பிழை. கோட்டிற்கே இத்துணைக் கட்டுப்பாடு உண்டெனில், அதனை விளக்கும் சொல்லுக்கு எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும்!

தமிழில் இத்துறைச் சொற்களுக்குக் குறைவில்லை. முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம் என்பன தம் பொருளைத் தாமே உணர்த்துவன. திருகு, மரை, கடைசல் போலுஞ் சொற்களோ தொழிலாளர் வாயில் வழிவழியாக வாழ்வன. கயிறிட்டு அளந்து மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகின்றது. ஆகலின், அளந்து வரைந்து ஆக்கும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று.

எனின், குறை எங்குள்ளது? ஒரே பொருளுக்கு ஒவ்வொரு நூலாசிரியரும் ஒவ்வொரு சொல்லை வழங்குவதிலேயே உள்ளது.

ஆங்கிலத்தில் ‘டாலரன்சு’ எனப்படுவதைக் காண்க. மாந்தப் பண்பைக் குறிக்கும் ‘சகிப்புத்தன்மை’ என்னும் வடசொற் கலவையால் அதனைப் பெயர்த்தால் பட்டறையாளனுக்கு என்ன விளங்கும்? 25 மி.மீ. விட்டமுள்ள துளையொன்று 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம் என வரைபடம் குறிப்பதாகக் கொள்வோம். அவ்விரண்டு எல்லைகளின் வேறுபாடாகிய 0.021 மி.மீ. அளவே பொறுதி. அத்துளையிற் செல்லும் தண்டு 24.980 முதல் 24.993 மி.மீ. வரை இருப்பின், இரண்டிற்குமிடையே குறைந்தது 0.007, மிகுந்தது 0.041 மி.மீ. இடைவெளி கிட்டும், தண்டு தடையின்றிச் சுழலும். இஃது இடைவெளிப் பொருத்தம். தண்டு 25.022 முதல் 25.035 மி.மீ. வரை இருப்பின், அது துளையினும் பெரிது. அழுத்திச் செருகினாலன்றி நுழையாது. இஃது இறுக்கப் பொருத்தம்.

பொறுதி ஓர் உறுப்பின் அளவிற்கு உரியது. இடைவெளி ஈருறுப்புகளுக்கு இடைப்பட்டது. ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு வழங்கினால், சுழல வேண்டிய தண்டு இறுகிப்போம். இறுகி நிற்க வேண்டியது ஆட்டங் காணும். சொற்குழப்பம் ஈண்டு இரும்பையும் உழைப்பையும் ஒருங்கே வீணாக்கிவிடும்.

2010ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் பயிற்றத் தொடங்கியது. அவ்வழியிற் பயில வரும் இளைஞர்க்குச் செம்மையான சொற்களை ஆக்கித் தருதல் தமிழறிஞர்தம் கடன். அக்கடனை ஏட்டளவில் முடித்தல் இயலாது. மொழியறிஞரும் பொறியாளரும் கடைசற்பொறியின் முன்னிற்கும் தொழிலாளரும் ஒன்றுகூடி, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என வரையறுத்தல் வேண்டும். வரையறுத்த சொல்லையே பள்ளியும் கல்லூரியும் பட்டறையும் ஒருபடித்தாய் வழங்குதல் வேண்டும்.

ஆக்கிய சொல் அகரமுதலியில் உறங்குவதால் மொழி வளர்ந்துவிடாது. அச்சொல்லைக் கேட்டு ஒருவன் ஒரு தண்டைப் பழுதின்றிக் கடைந்தெடுக்கும் அன்றே, தமிழ் தொழில் செய்யுந் தமிழாகும்.