வெற்றிடத்தின் விலை

2025ஆம் ஆண்டு மார்கழி மாதம் 16ஆந் திகதி அபுதாபி நகரிலே இந்தியப் பிரீமியர் லீக் துடுப்பாட்டப் போட்டிக்கான வீரர் ஏலம் நடைபெற்றது. நம் நாட்டு வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரணவைக் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியினர் இந்திய நாணயத்தில் 18 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டனர். நம் நாணயத்திற் கணக்கிட்டால் அஃது ஏறத்தாழ அறுபது கோடி ரூபாயாகும். வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் பந்தெறியும் சிறுவர்க்கு இத்தகைய தொகைகள் மனப்பாடம். ஆயின், அவை எவ்வாறு பிறக்கின்றன என்பதை அவர்க்குச் சொல்வார் அரியர். விலையையும் தகுதியையும் ஒன்றென மயங்கும் இளைஞன் பின்னர் இரண்டிலும் ஏமாறுவான். ஆதலின் இவ்வேலத்தின் உட்கிடையை ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் பயன்தருவதாகும்.

முதற்கண் ஒரு புதிரைக் காண்போம். பத்திரணவைச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2025ஆம் ஆண்டுப் பருவத்திற்கு 13 கோடி ரூபாய் கொடுத்துத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. அப்பருவத்திற் சென்னை அணி பத்து அணிகளுள் இறுதி இடத்தையே பெற்றது. அதன்பின் கார்த்திகை மாதத்தில் அவரை விடுவித்தது. விடுவிக்கப்பட்டவரோ ஒரு மாதங் கழிந்ததும் முன்னையினும் ஐந்து கோடி கூடுதலாக விலைபோனார். அந்த ஒரு மாதத்தில் அவர் கைவன்மை அத்துணை வளர்ந்ததா? அன்று. கொல்கத்தா அணியின் பணப்பையிலே பெரியதோர் வெற்றிடம் இருந்தது. அவ்வெற்றிடமே அவ்விலையைப் பேசியது.

அணியொன்று தன் வீரர்க்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என எல்லை கட்டும் முறை இன்று பல விளையாட்டுக்களிற் காணப்படுகின்றது. அதனை உலகறியச் செய்தது ஐக்கிய அமெரிக்காவின் கூடைப்பந்தாட்டம். அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் 1984-85ஆம் ஆண்டுப் பருவத்தில் அணிக்கு 36 இலட்சம் டொலர் எனச் சம்பள வரம்பு விதித்தது. 2025-26ஆம் ஆண்டுப் பருவத்தில் அவ்வரம்பு 15 கோடியே 46 இலட்சம் டொலரைக் கடந்தது. இதன் நோக்கம் எளிது. பெருநகரத்துச் செல்வர் நல்ல வீரர் அனைவரையும் வாங்கிக் குவித்துவிட்டால் சிறுநகரத்து அணி தோற்பதற்கென்றே ஆடவேண்டி வரும். முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்தைக் காண எவரும் வாரார். ஆகவே போட்டி போட்டியாக நிலைபெறுதற்கு வரம்பு வேண்டியதாயிற்று.

தமிழ் கற்போர்க்கு இதனை யாப்பினால் விளக்கலாம். வெண்பாவின் அடி நாற்சீர் உடையது. ஈற்றடி முச்சீர் உடையது. நிரம்பிய அடியிலே புதுச்சொல் ஒன்றை அமைக்க வேண்டுமாயின் இருந்த சொல் ஒன்றை எடுத்துவிட வேண்டும். புதுச்சொல் எத்துணை அழகியதாயினும் இடமின்றேல் அது புறத்தேதான் நிற்கும். வரம்புக்குட்பட்ட அணியின் நிலையும் இதுவே. அங்கே சேர்க்குந் திறத்தினும் நீக்குந் திறமே முதன்மையானது. வெண்பாவின் ஈற்றுச்சீர் ‘காசு’ என்னும் வாய்பாட்டால் முடிதலும் உண்டன்றோ? ஏலத்தின் முடிவும் காசுதான்!

கொல்கத்தா அணி செய்ததை நோக்குக. 2026ஆம் ஆண்டுப் பருவத்திற்கு அணியொவ்வொன்றுக்கும் வகுத்த ஏலத்தொகை 125 கோடி ரூபாய். நிறுத்திக்கொண்ட வீரரின் சம்பளத்தை அதிற் கழித்து, எஞ்சியதையே ஏலத்திற் செலவிடலாம். கொல்கத்தா அணியினர் 23 கோடியே 75 இலட்சம் பெற்ற வெங்கடேஷ் ஐயரையும், 12 கோடி பெற்ற அன்ட்ரே ரசலையும், வேறு சிலரையும் விடுவித்தனர். அதனால் 64 கோடியே 30 இலட்சம் ரூபாயுடன் ஏலத்திற் புகுந்தனர். மற்றை அணி எதனிடமும் அத்துணைப் பணம் இல்லை. சென்னை அணியிடம் இருந்தது 43 கோடியே 40 இலட்சமே. கொல்கத்தாவினர் முதலில் அவுஸ்திரேலிய வீரர் கமரூன் கிறீனை 25 கோடியே 20 இலட்சத்துக்கு எடுத்தனர். பின்னர் பத்திரணவை 18 கோடிக்கு எடுத்தனர். இத்தகைய ஏலத்தில் வெளிநாட்டு வீரர் எவரும் 18 கோடிக்கு மேற் பெறலாகாது என்பது விதி. ஆகவே கிறீனின் விலையில் மிகுதி இந்தியக் கட்டுப்பாட்டுச் சபையின் வீரர் நலநிதிக்கு உரியதாயிற்று. ஏலத்தில் ஏழு கோடிக்கு மேல் வேறுபட்டு நின்ற இருவரும் கையிற் பெறும் ஊதியத்தில் ஒத்துநிற்கின்றனர்.

மறுபக்கத்தையும் காண வேண்டும். அதே ஏலத்தில் வெங்கடேஷ் ஐயரை றோயல் சலஞ்சர்ஸ் பெங்களூரு அணி 7 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஓராண்டு இடைவெளியில் அவர் விலை 16 கோடியே 75 இலட்சம் குறைந்தது. அவர் ஆட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று சொல்வார் உளரோ? முன்னைய ஏலத்தில் அவரை வேண்டி நின்றோர் கையிற் பணம் இருந்தது. பின்னைய ஏலத்தில் அவ்வாறு இல்லை. நம் தலைநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. 2024ஆம் ஆண்டு வைகாசி மாதம் நடந்த லங்கா பிரீமியர் லீக் ஏலத்தில் இதே பத்திரணவைக் கொழும்பு ஸ்ரைக்கர்ஸ் அணி 1 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு எடுத்தது. அபுதாபியில் அவர் பெற்ற விலையோ ஏறத்தாழ 20 இலட்சம் டொலர். கை ஒன்று, பந்து ஒன்று, பை வேறு.

இனிக் கூடைப்பந்தாட்டத்துடன் ஒப்பிடுவோம். எழுத்தை வல்லினம், மெல்லினம் எனப் பகுத்தாற்போல வரம்பையும் வன்மை, மென்மை எனப் பகுக்கலாம். துடுப்பாட்ட ஏலத்தின் வரம்பு வன்மையானது. அதனைத் தாண்ட வழியில்லை. கூடைப்பந்தாட்டத்தின் வரம்பு மென்மையானது. தன்னிடம் நெடுநாள் ஆடிய வீரரை மீண்டும் ஒப்பந்தஞ் செய்வதற்கு அணி வரம்பைக் கடக்கலாம். பொஸ்ரன் அணியின் லறி பேர்ட் பெயரால் அவ்வுரிமை வழங்கப்படுகின்றது. பிற அணி வீரரை அழைப்பதற்கோ பெரும்பாலும் வெற்றிடம் வேண்டும். 2010ஆம் ஆண்டு மியாமி ஹீட் அணி லெப்ரோன் ஜேம்ஸையும் கிறிஸ் பொஷ்ஷையும் அழைக்க விரும்பியது. அதற்காக மைக்கல் பீஸ்லி என்னும் இளம் வீரரை மினசோட்டாவுக்கு அனுப்பி இடஞ் செய்தது. ஜேம்ஸ், பொஷ், முன்னரே அங்கிருந்த டுவைன் வேட் ஆகிய மூவரும் தாம் பெறக்கூடிய உச்ச ஊதியத்திற் குறைவாகவே ஏற்றனர். 2012இலும் 2013இலும் அவ்வணி வெற்றிவாகை சூடியது. நட்சத்திர வீரர் தாமே விட்டுக்கொடுத்தனர்; பீஸ்லியோ விட்டுக்கொடுக்கப்பட்டார். இவ்விரு வினைகளுக்கும் உள்ள வேறுபாடே நம் ஆராய்ச்சியின் நடுவிடம்.

பணப்பையின் வெற்றிடம் தானே உண்டாவதில்லை. ஒருவர் எழுந்துபோனாலன்றி இருக்கை ஒழியாது. எழுந்துபோவோர்க்கு உள்ள பாதுகாப்பு யாது? அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் வரம்பு என்பது அணியுரிமையாளரும் வீரர் சங்கமும் அமர்ந்து பேசி முடித்த கூட்டு ஒப்பந்தத்தின் விளைவு. ஆட்டத்தால் வரும் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்க்கு உரியது. ஒப்பந்தங்களுட் பெரும்பாலானவை உறுதி செய்யப்பட்டவை. அணி நீக்கிவிட்டாலும் பேசிய பணத்தைக் கொடுத்தே தீரவேண்டும். இந்தியாவிலோ வரம்பை வகுப்பது கட்டுப்பாட்டுச் சபை. ஓய்வுபெற்ற வீரர்க்கு 2019இல் அங்கே ஒரு சங்கம் அமைந்தது. களத்தில் ஆடுவோர்க்கு அத்தகைய சங்கம் இல்லை. விடுவிக்கப்பட்டவர் மீண்டும் ஏலத்தில் நிற்கின்றார். பழைய விலையிற் புதிய பருவத்துக்கு அவர்க்கு உரிமை இல்லை.

வரம்பு தீது என்பது நம் கருத்தன்று. 2025ஆம் ஆண்டு ஆனி மாதம் இறுதியாட்டத்திற் பொருத பெங்களூருவும் பஞ்சாபும் அதுவரை ஒருமுறையேனுங் கிண்ணத்தை வென்றதில்லை. பஞ்சாப் அணி இருவரை மட்டும் நிறுத்தி, 110 கோடியே 50 இலட்சம் ரூபாயுடன் 2024ஆம் ஆண்டு ஏலத்துக்குச் சென்றது. ஐவரை 65 கோடிக்கு நிறுத்திய சென்னை அணி கடைசியாயிற்று. எளியோர் எழுதற்கு வரம்பு வழிவிடுகின்றது. ஆயின் அது பணத்தைச் சமமாக்குமேயன்றி அறிவைச் சமமாக்காது. 2008 முதல் 2025 வரை நடந்த பதினெட்டுப் போட்டிகளுள் மும்பையும் சென்னையும் ஐந்தைந்து வென்றன. குறை வரம்பில் இல்லை. அதற்கு உட்படுவோரின் குரல் அவ்வரம்பை வகுக்கும் அவையில் ஒலிக்காமையே குறை.

நம் இளைஞர்க்கு இதிற் பெறும் பாடம் உண்டு. பத்திரண 2022இல் முதன்முறை சென்னை அணிக்குச் சென்றது காயமுற்ற அடம் மில்னுக்குப் பதிலாக. அன்று அவர் விலை 20 இலட்சம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் ஹைதராபாத் அணியில் இடம்பெற்றது வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக. அவர் விலை 50 இலட்சம். இருவர்க்கும் கதவைத் திறந்தது பிறர் விட்ட வெற்றிடமே. ஆயினும் திறந்த கதவின் முன் ஆயத்தமாய் நின்றது அவர்தம் உழைப்பு. வெற்றிடம் எப்போது தோன்றும் என்பது வீரன் கையில் இல்லை. தோன்றும்போது நிரப்பவல்லனாய் இருத்தல் அவன் கையிலுள்ளது.

ஆகவே மகனின் பந்துவீச்சைக் கண்டு மகிழும் பெற்றோரும், அவனைப் பழக்கும் ஆசிரியரும், ஏலத்தொகையைச் சொல்லி ஊக்குவதோடு நின்றுவிடலாகாது. ஒப்பந்தத்தைப் படித்தறியும் கல்வியையும், விடுவிக்கப்படும் நாளைத் தாங்கும் உள்ளத்தையும், ஆட்டத்துக்கு அப்பாலும் நின்று பயன்தரும் ஒரு தொழிலையும் அவனுக்குச் சேர்த்தளித்தல் வேண்டும். பிறர் பணப்பையின் அளவை வைத்து ஒருவன் தன்னை அளக்கத் தொடங்கினால், அப்பை சுருங்கும் நாளிலே தானும் சுருங்கிப்போவான்.